உப்புப் பார்த்த மேசன்

மணலை வாயில் போட்டுப் பார்க்கிற மனிதரை முதன்முதல் கண்டபோது, புத்தி பிசகினவர் என்று நினைத்து நான் குடையைச் சாய்த்துக்கொண்டு தெருவின் மறுபக்கம் ஒதுங்கிப் போனேன். புளியந்தீவுப் பட்டணத்தில் ஒரு பெரிய புடவைக் கடையின் முன்வாசல் அது. வண்டியிலிருந்து கொட்டிய மணல் குவியலுக்கு முன்னால் அவர் குந்தியிருந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார். கல்யாண வீட்டுச் சமையற்காரர் உப்புப் பார்ப்பாரே, அதே முகம். பிறகு பக்கத்தில் துப்பிவிட்டு வண்டிக்காரனைப் பார்த்தார்.

"திருப்பிக் கொண்டு போ மனே. இது ஆத்து மண் இல்ல. வாவிக் கரையில அள்ளியிருக்காய்."

"சத்தியமா ஆத்து மண்தான் காக்கா!"

"உன்ட சத்தியத்த விட என்ட நாக்குக்கு வயசு கூட. ஏத்து, ஏத்து."

வண்டிக்காரன் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டு மணலைத் திரும்ப அள்ளினான். கடை முதலாளி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நாக்குக்காகத்தான் அவரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்ததாக முதலாளி பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் காத்தான்குடியில் இருக்கிறார்கள். கொத்து வேலை செய்கிறவரை எங்கள் பக்கத்தில் மேசன் என்போம்; அவரை ஊரில் 'நாக்கு மேசன்' என்பார்கள். சோனக முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானும் 'காக்கா' என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் கொங்கிறீற்று என்பது புதிய சங்கதி. சுண்ணாம்பும் செங்கல்லும் எல்லோருக்கும் தெரியும். சீமெந்து பீப்பாயில் வந்திறங்கும்; அதை மணலோடும் உடைத்த கல்லோடும் குழைத்து, நடுவில் இரும்புக் கம்பி வைத்துப் பலகையாக வார்த்தால் மோட்டார் வண்டியே ஏறிப் போகலாம் என்றார்கள். கடைக்காரர்கள் முன்வாசலுக்குப் போட்டார்கள். வசதியுள்ளவர்கள் படலையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் நடைபாதை போட்டார்கள். தெருவோரக் கானைக் கடந்து வளவுக்குள் போவதற்கு மரப்பாலம் கிடந்த இடங்களில் எல்லாம் கொங்கிறீற்றுப் பலகை வந்தது. கானில் மாரி வெள்ளம் ஆளை இழுக்கிற மாதிரி ஓடும் ஊர் இது. அதனால் அந்தப் பலகைகளுக்கு நல்ல மதிப்பு.

ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எதைத் தோண்டினாலும் உப்பு. வாவித் தண்ணீர் மாரியில் குடிக்கக்கூடிய மாதிரி இருக்கும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் கொஞ்ச நாளில் கடல் உள்ளே வந்து எல்லாம் மாறிவிடும். கண்ணால் பார்த்து எந்த மணல் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் சொல்வார்: "உப்பு உள்ளுக்குப் போனா இண்டைக்குத் தெரியாது தங்கச்சி. பலகை மினுங்கிக்கிட்டுக் கிடக்கும். நாலஞ்சு வருசத்தால உள்ளுக்குக் கம்பி துருப் புடிச்சி ஊதும். ஊதினா வெடிக்கும். அண்டைக்கு அதுக்கு மேல ஆர் நிக்கிறாங்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

நான் அப்போது பட்டணத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைப்பாக வேலை செய்தேன். படித்துப் பாஸ் பண்ணி வெள்ளைச் சீலையும் கறுப்புப் பையுமாகத் திரிந்த எங்களைப் பார்த்துச் சனங்கள் பாதி மரியாதையும் பாதி நையாண்டியுமாக இருந்த காலம். காலையில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போவேன். அவர் எங்கேயாவது ஒரு தெருவில் பலகை அடித்துக்கொண்டிருப்பார். கண்டால் "சுகமா தங்கச்சி?" என்பார். "சுகம் காக்கா" என்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

அந்த நாக்கை அவர் பேணிய விதம் இருக்கிறதே, பெற்ற தாய்கூடப் பிள்ளையை அப்படிப் பேணமாட்டாள். வெற்றிலை போடமாட்டார். சுருட்டு, பீடி கிடையாது. தேத்தண்ணீரைச் சூடாகக் குடிக்கமாட்டார்; கோப்பையைப் பக்கத்தில் வைத்து, அதில் ஆடை படிந்து ஈ விழுகிற நேரம் வந்தபிறகுதான் எடுப்பார். கூடவே வேலை செய்த இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நோன்பு மாதத்திலும் மணலை நாக்கில் வைப்பார். அது நோன்பை முறிக்குமா என்று பள்ளிவாசல் லெவ்வையிடம் போய்க் கேட்டாராம். சமைக்கிற பெண்கள் உப்புப் பார்த்துத் துப்புவதுபோல விழுங்காமல் துப்பினால் பாதகமில்லை என்று லெவ்வை சொல்லியிருக்கிறார். "அப்ப நானும் ஒரு பொம்புளைதான், அந்த மாசத்துக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வார்த்த பலகையில் இருபத்தொரு நாளைக்கு ஆள் மிதிக்க விடமாட்டார். சாக்கைப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார். ஒருமுறை எங்கள் வேதக் கோயில் நடைபாதையில் போதகரின் மனைவி பத்தாம் நாள் சப்பாத்தோடு காலை வைக்கப் போனார். இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

"பொறுங்க அம்மா, பொறுங்க. புள்ளைக்கு இன்னும் கழுத்து நிக்கல்ல."

நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். "என்ட தொழிலை நீங்க எடுத்திட்டா நான் என்ன செய்யிற காக்கா?" என்று கேட்டேன். போதகரின் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. புல்லுக்குள் இறங்கி நடந்து போனார்.

மலேரியா ஊரையே படுக்கையில் போட்ட வருடம் அவரும் விழுந்தார். நாற்பது நாள் என்று கேள்வி. கொயினா மருந்தைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார்களாம். எழும்பி வந்தபோது கன்னம் ஒட்டி, தொப்பி நெற்றிக்கு இறங்கி, வேறு ஆள் மாதிரி இருந்தார். ஆனாலும் வேலைக்கு வந்தார். மணலை எடுத்து நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார், துப்பினார். எல்லாம் முந்தின மாதிரியே இருந்தது.

அந்த மாதம்தான் என் வீட்டுக்குப் படலையிலிருந்து குசினி வாசல் வரைக்கும் நடைபாதை போடச் சொன்னேன். மாரி பிறந்தால் என் முற்றம் சேறாகிவிடும். அவசரத்துக்கு ஓடுகிறவள் நான், இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டேன். மூன்று நாள் வேலை. அவருக்கு மத்தியானச் சோறு என் வீட்டில். என் கணவர் கல்லடியில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். பகலில் வீட்டில் நான் மட்டும்தான்.

இரண்டாம் நாள் மீன் ஆணம் வைத்தேன். அடுப்பில் இருக்கும்போதே ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட, ஓடிப் போய் வந்து, அவசரத்தில் இறக்கி அவருக்குச் சோறு போட்டேன். பிசைந்து பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார்.

"நல்ல ஆணம் தங்கச்சி. உப்பு புளியெல்லாம் அளவாப் போட்டிருக்கீங்க."

எனக்குச் சந்தோஷம். நான் சமையலில் பெரிய கெட்டிக்காரி இல்லை. பிறகு என் சோற்றுக் கோப்பையில் போட்டு ஒரு வாய் வைத்தேன். உப்பே போடவில்லை. ஒரு கல்லுக்கூட இல்லை.

மரியாதைக்குச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் அப்படி மரியாதைக்குச் சொல்கிற ஆள் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலேயே உப்புக் கூடிப்போச்சு என்று எழும்பிச் சொன்னவர். வெளியே போனேன். கை கழுவிக்கொண்டிருந்தார்.

"காக்கா, ஆணத்தில உப்பில்லையே."

செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிய கை அப்படியே நின்றது. முதலில் படலைப் பக்கம் பார்த்தார். வேலையாட்கள் இருவரும் தெருவில் மரத்தடியில் இருந்தார்கள். செம்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சத்தம் போடாதீங்க தங்கச்சி."

காய்ச்சலோடு போய்விட்டது என்றார். சீனி, உப்பு, கொச்சிக்காய் எல்லாம் ஒன்று. வாய்க்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறதாம். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பியதும் உப்புக் கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பாராம், இன்றைக்காவது வந்திருக்கிறதா என்று. அவருடைய மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்ப இந்த மண்?"

"உங்கட மண்ண ஊட்டுக்குக் கொண்டு போய் அவக்கிட்டக் குடுத்துத்தான் பாத்தன். பயப்பட வேணாம். நல்ல மண்."

"எல்லா வேலைக்கும் அப்பிடிக் கொண்டு போகேலுமா?"

ஏலாது என்பதுபோலக் கையை விரித்தார். காத்தான்குடி அங்கே, பட்டணம் இங்கே. மணல் வந்து இறங்கினால் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பார். அந்த நேரமே வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று சொல்ல வேண்டும். நாக்குச் செத்த மேசன் என்று தெரிந்தால் அடுத்த நாளே வேறு ஆளைப் பார்ப்பார்கள். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பகுதியில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முதலில் வீடு கட்டிக்கொடுக்க வேண்டும், தமிழருக்கும் அப்படித்தான், சோனகருக்கும் அப்படித்தான். இரண்டு பிள்ளைகளுக்கு அவரே தன் கையால் வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது பிள்ளைக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருந்தது.

"நான் பாத்துச் சொல்லுறன் காக்கா" என்றேன். யாரும் கேட்காமல் நானே சொன்னேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பில் அன்றைக்கு என் மனம் குளிர்ந்துபோய் இருந்தது. அந்தக் குளிர்ச்சியை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

நாங்கள் ஒரு வழி வைத்துக்கொண்டோம். மணல் இறங்கினதும் அவர் வழக்கம்போல நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரிப் பாவனை செய்வார். தண்ணீர் காட்டிப் பார்க்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்வார். நான் அந்தப் பக்கமாக வரும்போது பூவரசம் இலையில் ஒரு சிட்டிகை மணலைப் பொட்டலமாக மடித்து, யாருக்கோ மருந்து கொடுத்துவிடுகிற மாதிரி என் கையில் தருவார். நான் தெரு முனை திரும்பி, நாக்கில் வைத்துப் பார்ப்பேன். திரும்பி வரும்போது அவர் கேட்பார்: "சுகமா தங்கச்சி?" மணல் நல்லதென்றால் "சுகம் காக்கா" என்பேன். உப்பென்றால் "தலையிடி காக்கா" என்பேன். அவர் உடனே எழும்பி, வண்டிக்காரனைத் திருப்பி அனுப்புவார்.

இந்தத் தலையிடி ஊரில் பெயர் பெற்றுவிட்டது. அவருடைய வேலையாட்களில் ஒருவன் எனக்கு வேர்க்கொம்பை அரைத்துப் பற்றுப் போடச் சொன்னான். இன்னொருவன், பிள்ளைப்பேறு பார்க்கிறவர்களுக்கு இரத்தம் பார்த்துப் பார்த்துத் தலையிடி வரும் என்று தன் மாமி சொன்னதாகச் சொன்னான். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. பள்ளிவாசல் படி, கடை வாசல், பள்ளிக்கூட முற்றம் எல்லாம் அந்த நாளில் போட்டதுதான். ஒன்றுகூடப் பிழையாகவில்லை.

பிறகு பிரக்கிராசியார் வீட்டு வேலை வந்தது. கோட்டில் வழக்குப் பேசுகிற பெரிய மனிதர். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வட்டையும் மாடும் உள்ளவர். புதிதாக மோட்டார் கார் எடுத்திருந்தார். தெருவிலிருந்து கானைக் கடந்து வீட்டு வாசல் வரைக்கும் காருக்குப் பாதை. கான் அந்த இடத்தில் ஓராள் ஆழம். அதன்மேல் போடுகிற பலகைதான் முக்கியமான வேலை. அது சரியாக அமைந்தால் அதை வைத்தே பெரிய வேலைகள் வரும், மூன்றாவது மகளின் வீட்டைக் கூரை வரைக்கும் கொண்டுபோய்விடலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

மாசி மாதம். மணல் தோணியில் வந்து இறங்கியிருந்தது. காலையில் இலைப் பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் போட்டேன். முனை திரும்புவதற்குள் வவுணதீவிலிருந்து ஒரு ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தான். தலைப்பிள்ளை, பெண்ணுக்கு இரண்டு நாளாக நோவு, தோணி துறையில் நிற்கிறது. துறைக்குப் போக அதே தெருவால்தான் திரும்ப வேண்டும். அரை ஓட்டமாக வந்தேன். பிரக்கிராசியார் படலையில் நின்றார். சீமெந்துப் பீப்பாயை உடைத்து வைத்திருந்தார்கள். காக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"சுகமா தங்கச்சி?"

"சுகம் காக்கா, சுகம்!" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

தெருவில் ஒருவர் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதானே வாய் சொல்லும். எத்தனை வருடப் பழக்கம். எனக்கு அந்த நேரம் அது மணலைப் பற்றிய கேள்வி என்ற நினைவே இல்லை. பிரித்து நாக்கில் வைக்க ஒரு தும்மல் நேரம்தான் ஆகியிருக்கும். நான் வவுணதீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஊர் மருத்துவிச்சி பிள்ளையை எடுத்துக் குளிப்பாட்டியும் முடித்திருந்தாள்.

தாய்க்குக் காய்ச்சல் இருந்ததால் இரண்டு நாள் அங்கேயே தங்கினேன். வீட்டுக்கு வந்து, கத்தரிக்கோலை அவிக்கவென்று பையைக் கொட்டினபோது பூவரசம் இலை விழுந்தது. காய்ந்து சுருண்டு, மடிப்புக் குலையாமல் இருந்தது. பிரித்தேன். நாக்கில் வைத்தேன். உப்பு. சந்தேகத்துக்கே இடமில்லாத உப்பு.

மறுநாள் காலை போனேன். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். பலகை வார்த்து மூன்று நாள். ஈரச் சாக்குக்குக் கீழே கிடந்தது. பிரக்கிராசியார் தன் சிநேகிதர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிக்கொண்டிருந்தார். காக்கா வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு எழும்பினார். என் முகத்தை நேரே பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"சுகமா தங்கச்சி?"

தலையிடி என்று சொன்னால் அவர் அந்தப் பலகையை உடைக்க வேண்டும். ஏன் உடைக்கிறாய் என்று பிரக்கிராசியார் கேட்பார். பிறகு எல்லாம் வெளியே வரும். எல்லாவற்றுக்கும் முன்னால், இத்தனை நாள் அவருக்கு நாக்காக இருந்த பெரிய மனிசி, ஒரு சிட்டிகை மணலைப் பார்க்காமல் ஓடினாள் என்பது வெளியே வரும். அந்தப் பொல்லாத வெட்கம்தான் என் வாயைத் திருப்பியது. அவருடைய பிள்ளையின் வீட்டுக்காகத்தான் மறைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய்.

"சுகம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. வாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றப் போனார்.

நாலு வருடம் அந்தப் பலகைமேல் கார் போய் வந்தது. அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். முதல் வருடம் நித்திரை இல்லை. இரண்டாம் வருடம் கொஞ்சம் மறந்தேன். மூன்றாம் வருடம், கொஞ்ச உப்புத்தானே, ஒன்றும் செய்யாது போலிருக்கிறது என்று துணிந்தேன்.

நாலாம் வருடம் வேளாண்மை வெட்டி, நெல் வண்டிகள் வந்தன. முன்னால் வந்த வண்டி சுமையோடு பலகையில் ஏறினபோது அது நடுவால் முறிந்தது. வண்டிக்காரன் சில்லுக்குப் பக்கத்தில், மாட்டை அதட்டிக்கொண்டு நடந்து வந்திருக்கிறான். அவனும் பலகையும் நெல் மூட்டையும் ஒன்றாகக் கானுக்குள் போனார்கள். என்னைக் கூப்பிட ஓடி வந்தார்கள். வீடு பக்கம் என்பதால். கானுக்குள் இறங்கினேன். இடுப்பளவு சேறு. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே பலகைத் துண்டுக்குள் அகப்பட்டுக் கிடந்தது. "அம்மா, கால விட்டிராதீங்க அம்மா" என்று கத்தினான். இருபத்தைந்து வயது இருக்கும். ஆட்கள் பலகையைத் தூக்கும்வரை அவன் காலை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காக்கா எங்கிருந்தோ ஓடி வந்தார். சனங்கள் வழி விட்டார்கள். முறிந்த இடத்தில் கம்பிகள் வெளியே தெரிந்தன, செங்கல் நிறத்தில், உரிந்து உரிந்து. அவர் குனிந்து ஒரு துண்டை உடைத்து எடுத்தார். பழக்க தோஷம், அதை நாக்கில் வைத்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"என்ன மேசன், உப்பா?" என்று பிரக்கிராசியார் கேட்டார்.

நான் கானுக்குள் சேற்றில் நின்றேன். காக்கா நின்ற இடத்திலிருந்து நேரே கீழே பார்த்தால் நான்தான். அவர் பார்க்கவில்லை.

"ஓம் ஐயா. உப்பு. நான் பாத்த மண்தான். என்ட நாக்குப் பிழை விட்டிட்டு."

அந்த ஒரு வார்த்தையோடு அவருடைய வேலை முடிந்தது. யாரும் அடிக்கவில்லை, கோட்டுக்கு இழுக்கவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். வேலையாட்கள் இருவரும் வேறு மேசனோடு போனார்கள். மூன்றாவது மகளின் வீடு சுவர் பாதியில் நின்றது. கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிகிற நேரமாகப் பார்த்துக் காத்தான்குடிக்குப் போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க செஞ்ச உதவிய நாங்க மவுத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டம் தங்கச்சி" என்றார். எனக்கு நிலத்துக்குள் போய்விட்டால் நல்லது போல இருந்தது. காக்கா வேலிக்குப் பக்கத்தில் இருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இலையைப் பிரிக்காததையும் சொன்னேன், பிறகு பிரித்துப் பார்த்ததையும் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அண்டைக்கு நீங்க ஓடின ஓட்டத்தில எனக்கொரு சந்தேகம்" என்றார். "இலையப் பிரிச்சிருப்பாவோ எண்டு. ஐயா நிக்கக்குள்ள கூப்பிட்டுக் கேக்க ஏலாது. பீப்பாவையும் உடைச்சாச்சி. வாத்திட்டன். மூணு நாளும் சோறு இறங்கல்ல. அதாலதான் மறுகாலும் ஒருக்காக் கேட்டன். சுகம் எண்டீங்க. அதுக்குப் பொறகு நல்லா நித்திர கொண்டன் தங்கச்சி. நாலு வருசம்."

நான் அழுதேன். பிரக்கிராசியாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம். நீங்க சொன்னா, நாக்குச் செத்தவன் ஊர ஏமாத்தினான் எண்டு வரும். பள்ளிவாசல் படியையும் கிண்டிப் பாப்பாங்க, பள்ளிக்கூடத்தையும் கிண்டிப் பாப்பாங்க. இப்ப நான் ஒருக்காப் பிழை விட்ட மனிசன். அதோட இரிக்கட்டும்."

"அப்ப என்ன மன்னிச்சிருங்க காக்கா."

"என்ட்ட என்ன இரிக்கி? கால் அந்த வண்டிக்காரப் பொடியன்டதுதானே. அவன்ட்டக் கேளுங்க."

கேட்கவில்லை. ஐந்து வருடம் கேட்கவில்லை.

வண்டிக்காரனின் கால் பிழைத்தது, ஆனால் மடங்காது. ஒவ்வொரு வருடமும் வேளாண்மை வெட்டி முடிந்ததும், அந்தக் காலை இழுத்துக்கொண்டு வாவியைக் கடந்து என் வீட்டுக்கு வருவான். புது அரிசி இரண்டு மரைக்கால் கொண்டுவருவான். "நீங்க புடிச்ச கால் அம்மா. நீங்க இல்லாட்டி வெட்டியிருப்பாங்க" என்பான். பிறகு குந்த முடியாமல் கதிரையில் இருந்து, காக்காவைத் திட்டுவான். நாக்கு அழுகிச் சாகவேண்டும் என்பான். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டேன். என் கணவர் நல்ல அரிசி என்பார்.

காக்கா உலக யுத்தம் முடிந்த வருடம் மவுத்தானார். மையத்து வீட்டுக்குப் போய்ப் பெண்களோடு இருந்துவிட்டு வந்தேன். மூன்றாவது மகளுக்குக் கடைசிவரை கல்யாணம் நடக்கவில்லை. அவள்தான் தகப்பனைக் கடைசிக் காலத்தில் பார்த்தாள். என்னைக் கண்டதும் "உங்களப் பத்தி வாப்பா எந்த நாளும் நல்லாத்தான் சொல்லுவாரு மாமி" என்றாள்.

அந்த வருடம் வண்டிக்காரன் அரிசியோடு வந்து, "கேட்டீங்களா அம்மா, அந்த நாக்கு மேசன் செத்திட்டானாம். ஆண்டவன் ஒருத்தன் இரிக்கான்" என்றான். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தேத்தண்ணீரைக் கையில் எடுத்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், உப்பில்லாத ஆணம், இலைப் பொட்டலம், சுகமா என்று அவர் இரண்டு முறை கேட்டது, நான் இரண்டு முறை சுகம் என்றது. இனி அவரைத் திட்டாதே, திட்டுவதென்றால் என்னைத் திட்டு என்றேன்.

அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவன் கண் கலங்கியது. எழும்பி, மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, என் காலைத் தொடக் குனிந்தான்.

"அம்மா, சேத்துக்குள்ள இறங்கி என்ட காலப் புடிச்ச ஆள் நீங்க. உங்கள எனக்குத் தெரியாதா? செத்தவன ஆரும் ஏசக்கூடாதெண்டு அவன்ட பழியையும் நீங்க தலையில போடுறீங்க. உங்களப் போல மனம் ஆருக்கு வரும்?"

"நான் சொல்லுறது உண்மை மகன்."

"ஓம் அம்மா, ஓம்" என்றான், பிள்ளையைத் தேற்றுகிற குரலில். "இனி அவன ஏசமாட்டன். உங்களுக்காகத்தான்."

ஊருக்குப் போய் இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். அடுத்த வருடம் அவன் கொண்டுவந்த அரிசி மூன்று மரைக்கால்.